சுண்டுவிரலை எடுக்கும் நேரம்

செஞ்சி பஜாரில் என் ஜவுளிக்கடைக்கு எதிரே அவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். காதில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் செருகியிருக்கும். கிட்டார் நன்றாக வாசிப்பார். இடதுகைக்காரனான நான், ஆசைப்பட்டு வாங்கிய இடதுகை கிட்டாரோடு அவரிடம் போனேன்.

"எதிர்ல குந்துங்க சார். நான் வலதுகை. கண்ணாடில பாக்குற மாரி அப்படியே வைங்க" என்றார். சுலபமாகத்தான் இருந்தது.

வாசிக்கும் முன் இரண்டு கிட்டார்களிலும் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கிவிடுவார். ஏன் என்று கேட்டால், "இதான் சரியா இருக்குது" என்பார்.

அன்றைய பாடம் 'சஸ் ஃபோர்' கார்டு என்கிற ஸ்வரக்கூட்டு. டி கார்டைப் பிடித்தபடி சுண்டுவிரலையும் ஒரு கம்பியில் வைக்க வேண்டும். ஒலி முடியாமல் அந்தரத்தில் நிற்கும். விரலை எடுத்தால் அடங்கும். நான் உடனே எடுத்துவிட்டேன்.

"இன்னா அவசரம்? மூச்சு வாங்கட்டும்."

"யாரு?"

மறுபடி கார்டைப் பிடித்துக் காட்டினார். மதியம் அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். கழுத்தில் ஆபரேஷன் தழும்பு. கடையில் வேறு ஆள் இல்லாததால் அந்த அம்மா பாடினார். இறக்கிய சுருதிக்கு மேல் குரல் ஏறவில்லை. பாதி வரியில் மூச்சு முட்டிப் பாட்டு நின்றது. கணவர் அந்தக் கார்டையே மீட்டிக்கொண்டு மனைவியின் தோளைப் பார்த்தபடி இருந்தார். மூச்சு உள்ளே போய்த் தோள் ஏறியதும் சுண்டுவிரலை எடுத்தார். பாட்டு தொடர்ந்தது.

இப்போது அவர் கடையைக் காலி செய்துவிட்டார். கார்டு எனக்கு நன்றாகவே வருகிறது. விரலை எப்போது எடுப்பதென்றுதான் தெரியவில்லை. பார்ப்பதற்கு எதிரே ஒரு தோள் இல்லை.