கடைசிப் பெட்டி மல்லிகை

1975 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்குப் பூந்தமல்லியிலிருந்து மல்லிகை மொட்டு வந்து சேர்ந்தது. நிழலில் விரித்து, வாய் திறக்கத் தொடங்கியவற்றைப் பொறுக்கி நீக்கினோம். ஆறேகாலுக்குச் சாந்தோமிலிருந்து ஐஸ் வந்தது. மீனுக்குப் போடும் ஐஸ்தான்; வாடை பூவில் ஏறாதிருக்க இரண்டு பாலிதீன் பைகளில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றினேன். ஆறரையிலிருந்து ஒன்பது வரை ஐந்து பெண்கள் உட்கார்ந்து பூ கட்டினார்கள். நாட்குறிப்பில் இவ்வளவும் வரிசையாக இருக்கிறது.

வெட்டிய பூவைக் கெடாமல் கடல் தாண்ட வைப்பதுதான் 1968 முதல் என் பிழைப்பு. முதலில் ரோஜா, பிறகு சம்பங்கி, கடைசியாக, அந்த வருஷம் தையிலிருந்து, மல்லிகை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் கொல்லைக் கொட்டகைதான் எங்கள் இடம். முதலாளிக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. வாரம் ஒரு பெட்டி சிங்கப்பூருக்குப் போகும்; மற்ற நாட்களில் பெண்களுக்கு நார் கிழிப்பதும் பெட்டி செய்வதும் வேலை. மொட்டாகப் போய், அங்கே மாலையில் மலர வேண்டும்.

தை, மாசியில் போன பெட்டிகளைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. பங்குனி பிறந்ததும் மொட்டுகள் கறுத்துப் போய்ச் சேர்ந்தன. ஐஸைக் கூட்டினேன், குறைத்தேன். பெட்டியில் துளை போட்டேன், அடைத்தேன். அரை மணிக்கொரு தரம் பூவுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். ஆறு வாரமும் குறிப்பில் ஒரே வரிதான்: காரணம் தெரியவில்லை. இன்னொரு பெட்டி கறுத்து வந்தால் வேண்டவே வேண்டாம் என்று சிங்கப்பூர்க்காரர் எழுதிவிட்டார். அப்படியானால் கொட்டகையை மூடிவிடுவதாக அண்ணாச்சியும் சொல்லியிருந்தார். ஐந்து பெண்களுக்கும் இது தெரியும்.

அவர்களில் மூத்தவள், இருபது வருஷம் மாட வீதியில் கூடை வைத்துப் பூ விற்றவள், கட்டிக்கொண்டே என் வெப்பமானியைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னா சார், இன்னிக்காவது ஜொரம் எறங்கிச்சா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு டிகிரி என்று சொன்னேன். அதுவரை வந்ததில் அதுதான் குறைவு. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஒன்பது இருபதுக்கு, வழக்கம்போல, விலாசச் சீட்டு எழுத உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் மூடியைப் போட்டுக் கயிறும் கட்டியிருந்தாள். ஒன்பதரைக்கு வேன் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் கிளம்பியது.

கழித்த பூவைப் பெண்கள் தங்கள் வீட்டுக்கென்று கட்டிக்கொள்வது உண்டு. மூத்தவள் தன் சரத்தை இலையில் சுருட்டும் முன் சொம்பில் கைவிட்டு அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். ஊரில் எல்லாப் பூக்காரிகளும் செய்வதுதான். பெட்டிப் பூவுக்கு மட்டும் அந்தப் பழக்கம் வந்துவிடக்கூடாது, ஈரத்தோடு மூடினால் உள்ளே புழுங்கிக் கறுத்துவிடும் என்று, ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வூட்டுக்குப் போற பூவுக்கே தண்ணி காட்றோம். கடல் தாண்டிப் போறத நாக்கு வறள அனுப்புவாங்களா சார்? மூடி போடறப்ப நான் ஒரு கை தெளிச்சுத்தான் அனுப்பறேன்."

"எந்தப் பெட்டிக்கு?"

"எல்லாத்துக்குந்தான். இன்னிக்கு ரெண்டு கை. வெயில் ஜாஸ்தியா கீதேன்னு."

குளிர் மாதங்களில் அந்த ஒரு கை தண்ணீர் பூவை ஒன்றும் செய்யவில்லை. வெயில் ஏறியதும் செய்தது. நான் பெட்டியின் பக்கத்தில் இல்லாத நேரம் விலாசம் எழுதும் அந்த இரண்டு நிமிஷம்தான். மற்ற நிமிஷங்களையெல்லாம் குறித்து வைத்திருந்தேன். தண்ணீர் கூடாது என்று அவளிடம் அதற்குமுன் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

பெட்டியை நிறுத்தலாமென்று லஸ் முனையில் டாக்ஸி பிடித்தேன். சைதாப்பேட்டைப் பாலத்தில் லாரி ஒன்று நின்றுபோய் வழியை அடைத்திருந்தது. மீனம்பாக்கம் சேர்ந்தபோது பத்து ஐம்பது. பெட்டிக்குச் சுங்க முத்திரை விழுந்திருந்தது. அதிகாரி கடிந்து பேசவில்லை. பிரித்தால் மறுபடி சோதனை போட வேண்டும், அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை, எது வேண்டும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வரை எந்த மல்லிகையும் தாங்காது. போகட்டும் என்றேன்.

நான்கு மணிக்கு ஜவுளிக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி புடவை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஈரம் போய்விட்டது, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னேன். இனி கறுக்காது, இன்னும் ஒரே ஒரு பெட்டி அனுப்பிப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

"தண்ணி போயிருக்குன்னு ஆறு வாரமா தெரியலையாக்கும்?"

தெரியவில்லை என்றேன். அவர் அடுத்த புடவையை எடுத்தார்.

"அப்ப சிங்கப்பூர்லேருந்து தந்தி வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். நாளையிலிருந்து ஆள் வேண்டாம்னு சொல்லிருங்க."

வாடிக்கையாளர்கள் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அன்றைய குறிப்பில் காரணம் என்ற இடத்தில் "ஈரம்" என்று எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை. அந்த ஏட்டை அண்ணாச்சி கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு, முதல் வேலையாக, மூத்தவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். இன்று வர வேண்டாம் என்றேன். நாளைக்கா என்று கேட்டாள். நாளைக்கும் வேண்டாம் என்றேன். காரணம் கேட்பாள் என்று நின்றேன், அவள் கேட்கவில்லை. மற்ற நால்வர் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு நடந்தேன்.