சங்கரம்மாள் தையல் படித்த கதை

ஊரில் எல்லாரிடமும் நல்ல முகத்தோடு பழகுகிறவள் சங்கரம்மாள். அவளுக்குப் பகை என்று இருந்தது ஒரே ஒரு ஆள் மேல்தான். தையல்காரர் பூவனலிங்கம். வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு, "ஆத்தா, எல்லாரையும் நல்லா வையி. அந்த ஆள மட்டும் நான் பாத்துக்கிடுதேன்" என்றுதான் கும்பிடுவாள்.

அந்தக் காலத்தில் பொம்பளை உடம்பில் எந்தத் தையல்காரரும் டேப் வைக்க மாட்டார். அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையைக் கொடுக்க வேண்டும். சங்கரம்மாளிடம் இருந்தது ரெண்டே ரவிக்கை. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று. கொடியில் கிடந்ததை ஒரு சந்தை நாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பருத்தி எடுத்து எடுத்துக் கிழிந்து, கிழிந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டது. பூவனலிங்கம் அதைக் கம்பில் மாட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டார்.

"ஏலே, கம்மங்காட்டுல குருவி வெரட்ட பொம்மை கேட்டியே, இந்தா இருக்கு" என்றார். கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். சாயங்காலம் அவள் திரும்பப் போகிறவரை அது காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஐந்து வருசம் கழித்து, ஐம்பத்தொன்பதில், ஊரில் மாதர் சங்கம் வைத்தார்கள். பிளாக் ஆபீசிலிருந்து ஒரு தையல் மிஷினும், சொல்லிக்கொடுக்க ஒரு சேவிகையம்மாவும் வந்தார்கள். முதல் பேராகச் சங்கரம்மாள் பெயர் கொடுத்தாள். மொத்தம் பன்னிரண்டு பேர். மிஷினோ ஒன்றுதான். நூல் கோக்காமல் ஒருத்தி மிதிக்க, மற்றவர்கள் கும்மித் தாளத்துக்குக் கை தட்டுவார்கள். தாளம் தப்பினால் சக்கரம் பின்னால் சுற்றும். எல்லாரும் சிரிப்பார்கள். வெட்டிப் பழக சிமெண்டு மூட்டைக் காகிதம். வெட்டுகிறதில் கெட்டிக்காரி ஜரினா. கழுகுமலை ஜவுளிக்காரர் மகள். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள்.

"யக்கா, மெதுவா மிதிங்க. பூவனலிங்கம் அண்ணாச்சி கழுத்துன்னு நெனச்சியளா?" என்பாள் ஜரினா.

"நெனச்சுக்கிட்டுதான் மிதிக்கேன்" என்பாள் சங்கரம்மாள்.

மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குச் சங்கத்தில் முதன்முதலாகப் பதினாலு ரவிக்கை தைத்தார்கள். எல்லாம் வெளுக்காத காடாத் துணி. கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போனபோது ஊரே மெச்சியது. ஒரு தரம் துவைத்துக் காயப்போட்டார்கள். அவ்வளவுதான், துணி சுருங்கி ஒரு ரவிக்கையிலும் கை நுழையவில்லை. பூவனலிங்கத்துக்குக் கேட்க வேண்டுமா?

"மாதர் சங்கத்துல மரப்பாச்சிக்குச் சட்டை தைக்காவளாம்லா!"

ஜரினா அழுதுவிட்டாள். "காடாவ ஒரு நாள் தண்ணில ஊறப்போட்டுத்தான் வெட்டணும்னு எங்க வாப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லுவாவ. நாந்தான் மறந்துட்டேன்க்கா."

"அழாத தாயி. பதினாலையும் வாங்கிட்டு வா" என்றாள் சங்கரம்மாள்.

பன்னிரண்டு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். கக்கத்தில் கூடுதலாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் என்ன என்று ஜரினாதான் சொன்னாள். இந்தத் தரம் துண்டை ஊறப்போட்டுத்தான் வெட்டினார்கள். போட்டுப் பார்த்தால், கையைத் தூக்கிப் பருத்தி எடுக்கும்போது ரவிக்கை இழுக்கவில்லை, கிழியவுமில்லை. பூவனலிங்கம் தைத்தது எதிலும் அந்தச் சௌகரியம் கிடையாது. பேச்சு அடுத்த ஊர்வரைக்கும் போய்விட்டது.

அதோடு, சங்கத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பொம்பளைக்குப் பொம்பளையே டேப் வைத்து அளவெடுத்தார்கள். "பழசு ஒண்ணும் கொண்டு வராதிய. வெறுங்கையோட வாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சங்கரம்மாள் சொல்லுவாள்.

மறு பங்குனிக்குப் பூவனலிங்கத்தின் கடைக்கு ஒரு ரவிக்கைகூட வரவில்லை. பெஞ்சும் காலி. அப்போதுதான் அவர் பெண்சாதி பெருமாயி சங்கத்து வாசலில் வந்து நின்றாள்.

"நீயா வந்தியா, அவிய அனுப்புனாவளா?" என்று கேட்டாள் சங்கரம்மாள்.

"அவியதான். அந்தக் கக்கத்துத் துண்டு எப்படி வைக்காவன்னு பாத்துட்டு வரச் சொன்னாவ" என்றாள் பெருமாயி. அவளுக்குப் பொய் வராது.

உள்ளே ஒரே சிரிப்பு. ஜரினா மட்டும், "பாவம்க்கா" என்று முணுமுணுத்தாள்.

"உக்காரு. ஆனா ஒரு வருசத்துக்கு ஒனக்குக் காஜாதான். மிஷின் பக்கம் வரப்படாது."

பெருமாயி உட்கார்ந்து பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்தாள். முத்து மாதிரி எடுத்தாள். சங்கரம்மாள் பார்த்துவிட்டு, "பிரிச்சுத் திருப்பி எடு" என்பாள். விரலெல்லாம் ஊசி குத்தி, புள்ளி புள்ளியாக இருக்கும். சங்கரம்மாளின் மனசு இளகவில்லை.

பத்தாம் நாள், பெருமாயி ஒரு பழைய துணியை அவளிடம் நீட்டினாள். கக்கத்துத் துண்டு வைத்துக் கையாலேயே தைத்திருந்தாள். ஒரு சுருக்கம் கிடையாது.

சங்கரம்மாள் துணியை வெடுக்கென்று வாங்கினாள். "அவியகிட்ட காட்டிட்டியா?"

"எதுக்குக் காட்டணும்? எங்கூடப் பொறந்தவ ரவிக்கையையும் ஒரு நாள் கம்புல மாட்டுனவியதான அவிய" என்றாள் பெருமாயி. "வீட்டுல கேட்டா காஜான்னே சொல்லிக்கிடுதேன் மதினி. நீங்க மட்டும் என்னைய ஒரு வருசத்துல விட்றாதிய. அவிய கேட்டா காஜா ரெண்டு வருசம்னு சொல்லுங்க."

சங்கரம்மாள் எழுந்து மிஷினை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

பூவனலிங்கம் அன்றைக்கும் கடை நடையில் காத்திருந்தார். "இன்னைக்காவது சொல்லிக் குடுத்தாவளா?"

"இல்ல. காஜாதான்" என்றபடி பெருமாயி அவரைத் தாண்டி வீட்டுக்குப் போனாள்.