மூச்சுவாங்கி மேட்டின் வரலாறு

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று, "நம்ம மலையைப் பத்தி ஒரு புத்தகம் போடறோம் தம்பி. மேப் நீங்கதான் போட்டுத் தரோணும்" என்றார். எந்த மலை என்று எனக்கு விளங்கவில்லை. நான் நெய்வேலியில் பிறந்தவன், இங்கேயே படித்து, சுரங்கத்தின் சர்வே பிரிவில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தவன். இந்த ஊரில் மலை இருந்தால் இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது என் கண்ணில் பட்டிருக்கும்.

"அதான் தம்பி, நாங்க வாக்கிங் போறமே" என்று மேற்கே கையைக் காட்டினார்.

அவர் காட்டியது பழைய டம்ப்பை. நிலக்கரி எடுப்பதற்கு முன் அதன் மேலிருக்கும் மண்ணைத் தோண்டி எங்காவது கொட்டியாக வேண்டும். அப்படிக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுதான் டம்ப். கொட்டி முடித்த பிறகு தைலமரமும் சவுக்கும் வைத்தார்கள். மரம் வளர்ந்தது, மயில் வந்தது, அதன் பின்னாலேயே ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வந்தார்கள்.

இவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பணியில் இருந்தபோது என் அதிகாரிக்கு அதிகாரிக்கு அதிகாரி. அப்போது மண்ணை அவர் தாளில்தான் பார்த்திருப்பார், இத்தனை கன மீட்டர் என்று. ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு, சர்க்கரைக்காக நடக்கத் தொடங்கி, தன்னைப்போல ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு நடைச் சங்கம் வைத்தார். சங்கம் என்று இருந்தால் தலைவர் வேண்டும். ஆகவே தலைவர் ஆனார். நானும் அவரைத் தலைவர் என்றே சொல்லிவிடுகிறேன், அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

புத்தகத்துக்கான நோட்டைக் காட்டினார். எல்லைகள், மலைத்தொடர்கள், நதிகள், தட்பவெப்பம், மக்கள், இடப்பெயர் வரலாறு என்று அத்தியாயம் பிரித்திருந்தார். நதிகள் என்பவை மழை பெய்தால் மண் கரைந்து ஓடும் வாரிகள். வெயில் வந்தால் மூன்றாம் நாள் காய்ந்துவிடும். மக்கள் என்ற தலைப்பில், 'இம்மலைநாட்டில் மக்கள்தொகை மிகக் குறைவு. எளிமையானவர்கள், விருந்தோம்பல் மிக்கவர்கள்' என்று எழுதியிருந்தார். அடிவாரத்தில் தகரக் கொட்டகையில் ஒரு வாட்ச்மேனும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மா என்றைக்கோ தலைவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் விருந்தோம்பலுக்கு அங்கே வழியில்லை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து அதிகாரி முன்னால் நின்றால் என் முதுகு தானாக வளைகிறது. "செய்துடலாம் சார்" என்றேன்.

மறு ஞாயிறு அவரோடு ஏறினேன். அவர் தொப்பி வைத்திருந்தார், கையில் ஊன்றுகோல், கழுத்தில் பைனாகுலர். பாதிச் சரிவில் சங்கத்தார் எல்லோரும் நின்று மூச்சு வாங்கினார்கள். அங்கே காண்ட்ராக்ட் வேலைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் புதுக் கன்றுகளுக்கு லாரித் தண்ணீரைக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஓர் அம்மாவைத் தலைவர் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"ஏம்மா, இந்த இடத்துக்கு என்ன பேரு?"

அந்த அம்மா மற்ற பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "மூச்சுவாங்கி மேடுங்க."

தலைவர் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. புதையல் எடுத்தவன் முகம். "மூச்சு. வாங்கி. பாத்தீங்களா, பிராணாயாமம். சித்தர்கள் இருந்த இடம் தம்பி இது" என்று அங்கேயே நின்று எழுதினார். எனக்குத் தெரிந்து அந்த இடம் என் கல்யாணத்துக்கு முந்திய வருடம்வரை சமதரை. சித்தர்கள் எப்போது வந்துபோனார்கள் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் மேலே ஒரு நிழலான இடம். அதற்கு என்ன பெயர் என்றார். "ராஜா குந்து" என்றார் அந்த அம்மா. குன்று என்பதைத்தான் இவர்கள் குந்து என்கிறார்கள் என்று தலைவர் எங்களுக்கு விளக்கினார். இராசகுன்று. ஏதோ ஒரு சோழன் படையோடு வந்து தங்கியிருக்கிறான். எந்தச் சோழன் என்பதை வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதுவதாகச் சொன்னார்.

தெற்குச் சரிவில் மண்ணின் நிறமே வேறாக இருந்தது. மற்ற இடமெல்லாம் செம்மண், அங்கே மட்டும் சாம்பல் கலந்த கருப்பு. முந்தின வாரம் மழை பெய்து மண் அரித்திருந்ததால் ஓட்டுச்சில்லுகள் துருத்திக்கொண்டு நின்றன. தலைவர் முழங்காலிட்டார். அந்த வயதில் அவர் முழங்காலிட்டதைப் பார்த்து சங்கத்தாரும் பதறிக் குனிந்தார்கள்.

"பானை ஓடு. ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கொறையாது."

குழாயைப் பிடித்தபடி பின்னால் வந்த அந்த அம்மா, "அது கூரை ஓடுங்க" என்றார். "இது கொளத்துமேட்டுத் தெருங்க. எங்க ஊரு மண்ணு. மெசினு எங்க ஊரத் தோண்டி இங்கதான் கொட்டிச்சி. மழ பேஞ்சா எங்க வூட்டு ஓடு எதுனா வெளிய வந்துகினு இருக்கும்."

தலைவர் கையிலிருந்த சில்லைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஓட்டுக் கம்பெனி முத்திரையின் பாதி இருந்தது, மூன்று ஆங்கில எழுத்துகள். எழுந்து நின்று, கையைத் தட்டிக்கொண்டு, அதை வாரியில் எறிந்தார்.

"இங்க ஒண்ணும் விசேஷமில்லை, வாங்க" என்று நடந்தார்.

அந்த அம்மா இறங்கிப் போய் அந்தச் சில்லை எடுக்கவில்லை. அப்படி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார் என்று எழுத ஆசைதான். தண்ணீர் வீணாகிறது என்று கீழே நின்ற பெண்ணை அதட்டிவிட்டு அடுத்த கன்றுக்குப் போனார்.

அளவெடுப்பதற்காக அதற்கடுத்த வாரம் நான் மட்டும் போனேன். பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர்களெல்லாம் யார் வைத்தது என்று கேட்டேன். ஒருத்திக்குப் புரையேறியது.

"நாங்கதான் சார்" என்றார் அந்த அம்மா. "பெரியவங்க எல்லாம் அந்த மேட்டாண்ட வந்தாக்கா மூச்சு வாங்கிகினு நிப்பாங்களே, அதான் மூச்சுவாங்கி. நீங்ககூட நின்னீங்க."

"ராஜா குந்து?"

"எங்க சூப்பர்வைசரு. காலைல வந்து அந்த நெழல்ல சேரு போட்டுக் குந்துனார்னா சாயந்திரந்தான் எந்திரிப்பாரு. ராஜான்னுதான் சொல்லுவோம். அவருக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க."

நானும் சிரித்தேன். இறங்கி வரும்போதே தலைவரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல எண்ணத்தில் அல்ல. சித்தர்களும் சோழனும் அச்சேறட்டும், நாலு பேர் முன்னால் இந்த மனிதர் அசடு வழியட்டும், அதை நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான். இருபது வருடம் அவர் கையெழுத்துக்காகக் கதவோரம் நின்றவனுக்கு வேறு என்ன ஆசை வரும்?

வரைபடத்தை முடித்தேன். எது எப்படியானாலும் படம் சரியாக இருக்க வேண்டும் என்ற தொழில் புத்தியில், தெற்குச் சரிவில் சின்ன எழுத்தில் 'கொளத்துமேட்டுத் தெரு' என்று போட்டிருந்தேன். தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்.

"மலை மேல தெரு எங்கிருந்து வந்துது? படிக்கறவன் சிரிக்க மாட்டானா? எடுத்துருங்க தம்பி."

எடுத்துவிட்டேன். ஒரு பெயரை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். பிறகு யோசிப்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

புத்தக வெளியீடு டவுன்ஷிப்பில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. பொன்னாடைகள், பூங்கொத்துகள். ஒவ்வொரு பேச்சாளரும் 'இரண்டே நிமிடம்' என்று ஆரம்பித்து எங்கள் பொறுமையைச் சோதித்தார். ஒருவர் மேடையிலேயே கண்கலங்கி, சித்தர்கள் மூச்சுவாங்கிய மண்ணை மிதிக்க நாம் என்ன தவம் செய்தோமோ என்றார். நாற்காலி போடுவதற்கும் டீ கொடுப்பதற்கும் கன்றுக்குத் தண்ணீர் விடும் பெண்களையே அழைத்து வந்திருந்தார்கள். பின்வரிசைப் பக்கம் டீத் தட்டோடு நின்றிருந்தவர்களிடமிருந்து ஓர் அடக்கிய சிரிப்புச் சத்தம் வந்தது.

தலைவர் நிமிர்ந்தார். "என்னம்மா, எதுக்குச் சிரிக்கறீங்க?"

நான் காத்திருந்த நேரம் இதுதான். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அந்த அம்மா ஒளிக்கவில்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "சித்தருங்கல்லாம் இல்லீங்க. நீங்கள்லாம் அங்க வந்து மூச்சு வாங்குறீங்கன்னு நாங்கதான் அந்தப் பேர வச்சோம்" என்றார்.

எல்லாத் தலைகளும் அந்த அம்மா பக்கம் திரும்பின. பிறகு தலைவர் புன்னகைத்தார். "பாத்தீங்களா? ஒரு பழம்பேருக்கு மக்கள் எப்படித் தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு விளக்கம் சொல்லிக்கறாங்க! இதை நான் ஏழாம் பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கேன்." கைதட்டல் எழுந்தது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து நானும் தட்டினேன். ஏழாம் பக்கத்தைப் பிறகு புரட்டினேன். தலைவர் மயிலோடு நிற்கும் படம் இருந்தது.

கூட்டம் கலைந்தபின், சுவரில் பெரிதாக ஒட்டியிருந்த என் வரைபடத்தின் முன்னால் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பார்போல. விரல் தெற்குச் சரிவில் நின்றது.

"நம்ம தெரு எங்க சார்?"

"எடம் பத்தலம்மா."

சுவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "இம்மாம் பெரிய பேப்பருல."

டீத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வரைபடத்தின் மூலையில் என் பெயரைத் தலைவர் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். என்னை மகிழ்விக்கத்தான் போட்டிருப்பார்.

இப்போது அந்தப் பாதையில் புத்தகத்துப் பெயர்களோடு பச்சைப் பலகைகள் இருக்கின்றன. மூச்சுவாங்கி மேட்டில் யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். என் அக்கா மகள் பள்ளி புராஜெக்டில் சித்தர்களைப் பற்றி எழுதி, படத்தை என்னிடமே வரைந்து வாங்கிக்கொண்டு போனாள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு குடும்பம் வேன் எடுத்து வந்து கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போனதாகத் தலைவர் போனில் சொன்னார். அவர் குரலில் பொய் இல்லை. அவர் உண்மையாகவே நம்புகிறார். அதுதான் எனக்கு அவர்மேல் இன்னும் எரிச்சல்.

போன மாதம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தனியாக ஏறினேன். தெற்குச் சரிவை மட்டும் பெரிதாக வரைந்து, கொளத்துமேட்டுத் தெரு என்று நடுவில் எழுதியிருந்தேன். அந்த அம்மாவைத் தேடிப் போய் நீட்டினேன். செய்த காரியத்துக்கு ஒரு தாளால் பரிகாரம் தேடுகிற ஆள் நான், அவ்வளவுதான் என் தரம்.

அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"எங்க தெருவுல கெழக்க பாத்து ஏழு வூடு, மேக்க பாத்து நாலு வூடு சார். கோடில கைபம்பு. இதுல இன்னா, வெறும் பேருதான இருக்குது?"

"சொல்லுங்கம்மா, போட்டுடலாம்."

பென்சிலை எடுத்தேன். அவர் சரிவை ஒருமுறை பார்த்தார், தாளை ஒருமுறை பார்த்தார்.

"எப்டி போடுவீங்க? மெசினு வாரிக் கொட்டுனப்ப எல்லாம் தலகீழாத்தான வுழுந்துச்சி. கைபம்பு எங்கயோ, எங்க வூடு எங்கயோ. கெழக்க எதுன்னு எனக்கே தெரில. நீங்க எப்டி போட்டாலும் தப்புதான் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைவிட ஒரு விவரம் கூடுதலாகத் தெரிந்தவர் சொல்வதுபோலச் சொன்னார். கீழே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. தாளைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

நான் அங்கேயே நின்றேன். சங்கத்தார் பேசிக்கொண்டே ஏறி வருகிற சத்தம் கேட்டது. அவர்கள் கண்ணில் படாமல் மறுபக்கச் சரிவில் இறங்கிவிட்டேன்.