பதின்மூன்று அங்குலம்

1971ஆம் ஆண்டு ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் வழக்கம்போலவே தொடங்குகிறது. ஐந்தே காலுக்கு எழுந்து பால் வாங்கி வந்தேன். ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தேன். ஏழரை மணி ஆராதனைக்கு நானும் அத்தானும் போனோம். ஒன்பதரைக்கு இட்லி. பத்து மணிக்கு அத்தான் எட்டு மூட்டைப் புண்ணாக்கை இறக்கிவிட்டு வரக் குன்றத்தூர்ப் பக்கம் வண்டியை எடுத்துப் போனார். கடைசி வரி: “மூன்று மணிக்கு ஒத்திகை.” அதன் கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு நிச்சயமாக இருந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கிழக்குத் தாம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கி, மின்சார ரயிலில் நகரத்து அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அக்கா ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அத்தான் மாட்டுத் தீவன வியாபாரி. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் மூட்டைகள் அடுக்கியிருக்கும். வாசலில் அவருடைய பழைய பிக்கப் நிற்கும். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. மேடு பள்ளத்துக்கென்று செய்யப்பட்டதால் நல்ல உயரம். பன்னிரண்டு மூட்டை ஏற்றினாலும் அசையாது என்று அத்தான் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அதிகம் பேசாத அந்த மனிதர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

முந்தைய டிசம்பரில் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை, மூன்று மாதம் படுக்கை, பிறகு கைத்தடி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று அவளை யாராவது தூக்கிக்கொண்டே இருந்தார்கள். நடக்கத் தொடங்கிய நாளில் அவள் போட்ட ஒரே நிபந்தனை, இனி யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்பது. மே மாதக் கடைசியில் தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளி திறக்கும் ஜூன் 7 திங்களன்று அக்கா பணியில் சேர வேண்டும்; இல்லையென்றால் அவளுடைய இடத்தில் தற்காலிகமாக வேலை பார்ப்பவரை நிரந்தரமாக்க வேண்டியிருக்கும். பேருந்தின் படி அவளுக்கு எட்டவில்லை. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒருமுறை போய்ப் பார்த்தாள். குலுக்கலில் வலி தாங்காமல் பாதி வழியில் திரும்பினாள். மீதியிருந்தது பிக்கப்தான். அதன் படி தரையிலிருந்து பதினெட்டு அங்குலம்.

முக்காலி ஒன்றைப் போட்டு ஏறலாமே என்றேன். போட்டுப் பார்த்தோம், மணலில் அது ஆடியது, அக்கா கதவைப் பிடித்துத் தப்பினாள். “வீட்டு வாசல்ல நீ முக்காலி போடுவ. பள்ளிக்கூட வாசல்ல யார் போடுவா? பிள்ளைங்க பாக்க இவர் என்னைத் தூக்கி ஏத்தணுமா?” என்றாள். அன்று மாலையே அத்தான் மேஸ்திரியைக் கூட்டி வந்தார்.

மேஸ்திரி ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு வேலை செய்பவர். வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்று அத்தான் சொன்னதும் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “இன்னா சார், நல்லா கீற வண்டிய நொண்டியாக்கச் சொல்றியே?” என்றார். சொன்ன பிறகுதான் வாசற்படியில் தடியோடு நின்ற அக்காவைக் கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா சிரித்துவிட்டாள். “பரவால்ல மேஸ்திரி. ரெண்டு நொண்டியும் ஒண்ணாப் போகட்டும்.”

எவ்வளவு தாழ்த்துவது என்று கண்டுபிடிப்பதை நான் ஏற்றுக்கொண்டேன். செங்கற்களையும் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திண்டாடாமல் அக்காவால் ஏற முடிகிற உயரத்தை அளந்தேன். பதின்மூன்று அங்குலம். அதற்கு மேல் ஓர் அங்குலப் பலகை வைத்தால், வலது காலை மேலே வைத்துவிடுவாள், ஆனால் உடம்பு எழும்பாது. மூன்று நாள் காலையும் மாலையும் சோதித்தேன், விடை மாறவில்லை.

சனிக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. வண்டியின் எடையை ஆக்ஸிலின் மேல் தாங்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்புப் பட்டைகள். அவற்றில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டும் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மூன்றுமாக மேஸ்திரி உருவினார். மிச்சப் பட்டைகளைக் கொல்லன் உலையில் காய்ச்சி வளைவைத் தணித்துக் கொண்டு வந்தார். இனி எட்டு மூட்டைக்கு மேல் ஏற்றினால் பட்டை உடையும் என்று எச்சரித்தார். பன்னிரண்டு மூட்டைக்காரர் சரி என்று மட்டும் சொன்னார். உருவிய பத்துப் பட்டைகளையும் கோணிச் சாக்கில் சுற்றிக் கொட்டகைக்குள் வைத்தார். இனி ஒரு நடையில் முடிந்த வேலைக்கு இரண்டு நடை போக வேண்டும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் மறுநாள் அனுப்ப வேண்டிய எட்டு மூட்டைகளைப் பெட்டியில் ஏற்றச் சொன்னார் மேஸ்திரி. “காலி வண்டிய வெச்சுப் பட்டை கட்னா, லோடு ஏத்துனதும் பல்ல இளிச்சிரும் சார். லோடோடதான் பாக்கணும்.” லாரிக்காரர்களின் வழக்கம் அதுதான். அத்தானுக்கும் அந்த வண்டியை மூட்டை இல்லாமல் நினைத்துப் பழக்கமில்லை. மூட்டைகள் ஏறின. நான் இரும்பு டேப்பைப் பிடித்தேன். சரியாகப் பதின்மூன்று. மேஸ்திரி கை கழுவிக்கொண்டு கிளம்பினார். நாட்குறிப்பில் “படி: 13” என்று எழுதினேன். மூட்டையுடன் என்று எழுதவில்லை. பால் எத்தனை ஆழாக்கு, ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்றெல்லாம் எழுதுகிறவன் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு அத்தான் காலி வண்டியோடு வந்து நின்றார். அக்கா பள்ளிக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் வந்தாள். தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவுச் சட்டத்தைப் பிடித்து வலது காலைப் படியில் வைத்தாள். உடம்பு எழும்பவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை முகம் வெளுத்துவிட்டது. அத்தான் இரண்டு கைகளையும் நீட்டினார். “கையைக் கீழ போடுங்க” என்றாள். அவர் போட்டுவிட்டார். அவள் தடியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அளந்தேன். பதினைந்தே கால். பாரம் இறங்கியதும் வண்டி தன் முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தது. எங்கள் மூவரில் ஒருவர்கூட, அக்கா வெறும் வண்டியில் போகப் போகிறாள் என்று யோசிக்கவில்லை. நான் டேப்பை நீட்டிக் காட்டியபோது அத்தான் எண்ணைப் பார்த்தார். பிறகு காலிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். இன்னும் ஒரு பட்டை எடுத்தால் மற்றதையெல்லாம் தாங்கும் தாய்ப்பட்டையே முறியும், தன்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

ஆறு மணிக்கு அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினாள். தலைமையாசிரியைக்கு ராஜினாமாக் கடிதம். “எழுத்துப் பிழை இருக்கான்னு மட்டும் பாரு தம்பி. வேற எதுவும் பேசாத.” பிழை எதுவும் இல்லை. பதினேழு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. காலையில் ரயிலுக்குப் போகுமுன் பள்ளியில் கொடுத்துவிட வேண்டும் என்றாள். அத்தான் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஐந்தே காலுக்கு எழுந்து பால் பாத்திரத்துடன் வாசலுக்கு வந்தேன். எனக்கு முன்பே அத்தான் எழுந்திருந்தார். கொட்டகையிலிருந்து மூட்டையை முதுகில் சுமந்து வந்து வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணினேன், அது எட்டாவது. பனியன் முழுக்கப் புண்ணாக்குத் தூள்.

“இவ்ளோ காலையில யாருக்கு லோடு, அத்தான்?”

“யாருக்கும் இல்ல மச்சான். வண்டிக்குத்தான். டேப்ப எடுத்துட்டு வா.”

அளந்தேன். பதின்மூன்று. நம்பாமல் மறுபடியும் அளந்தேன்.

“சாயங்காலம் அக்கா திரும்பி வரணுமே?”

“நாலு மணிக்கும் மூட்டை இருக்கும்.”

“நாளைக்கு?”

அத்தான் கயிற்றை எடுத்து மூட்டைகளின் குறுக்கே இழுத்துக் கட்டினார். நிமிர்ந்தபோது அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. மூட்டைகளைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், அவருடைய பனியனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னும் பால் வாங்கப் போகலயா நீ? சீக்கிரம் போ. எட்டரைக்குக் கிளம்பணும்.”