குடும்பத்தில் குறைந்த சொட்டு

எங்கள் லேபில் அவளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள். மாடிவீட்டுக்காரி எதற்கு மூக்கைச் சிந்தினாள் என்பதுவரை அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்து ஆட்களின் ரத்தம் கிருமி இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம்தான் வரும். ஆளுக்கொரு கிட் என்றால் கட்டுப்படியாகாது. எட்டுப் பேரின் ரத்தத்தை ஆளுக்கொரு சொட்டாக ஒரே குழாயில் கலந்து பார்ப்போம். அந்தக் குழாய்க்கு நாங்கள் வைத்த பெயர் ‘குடும்பம்’. குடும்பம் சுத்தம் என்றால் எட்டுப் பேரும் தப்பித்தார்கள். கிருமி தெரிந்தால் நாலு நாலாகப் பிரித்து, கெட்ட பாதியை மறுபடி பிரித்து, ஆளைப் பிடிப்போம். பிடிபட்டவருக்குச் சமையற்கூடத்தில் இடமில்லை.

அன்று கெட்ட குடும்பத்தில் அவள் தம்பியும் இருந்தான். வருஷக்கணக்கில் அக்கா வீட்டில் சும்மா இருந்து, அத்தானிடம் பேச்சு வாங்கி, இப்போதுதான் வேலைக்குப் போகிறவன்.

“நான் பிரிக்கட்டுமா?” என்றேன்.

“நீ உன் வேலையப் பாரு.”

பிரித்தாள். தம்பி இருந்த பாதி சுத்தம். மற்ற பாதியும் சுத்தம்.

“மொத கிட்தான் கோளாறு. எல்லாரும் சுத்தம்னு எழுதிடும்மா” என்றார் டாக்டர். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சல்லடை மட்டும் இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தம்பி இருந்த பாதியின் குழாயில் ரத்தம் மற்றதைவிட மயிரிழை கீழே நின்றது.

“இதுல மூணு சொட்டுதான் இருக்கு. அவனோடத நான் போடவே இல்ல.”

“தெரிஞ்சா விட்ட?” என்றேன்.

“தெரியலையே!” என்று உடைந்து அழுதாள்.

விட்டுத் தொலையேன் என்று வாய்வரை வந்தது. அந்தச் சாப்பாட்டைத்தான் என் மகளும் சாப்பிடுகிறாள். புதுக் கிட்டை எடுத்துக் கொடுத்தேன். சல்லடை மூக்கைத் துடைத்துக்கொண்டு தம்பியின் ரத்தத்தைத் தனியாகப் பார்த்தாள். கிருமி இருந்தது.

சாயங்காலம் தம்பி லேப் வாசலில் வந்து நின்றான்.

“ரெண்டு பாதியும் சுத்தம்னு டாக்டரே சொன்னாராம்ல? அப்புறம் ஏன்க்கா என்னை மட்டும் தனியாப் பிரிச்ச?”

அழுத களைப்பில் லேப் பேச்சு அப்படியே வந்துவிட்டது.

“அந்தக் குடும்பத்துல நீ இல்லடா. நீ இல்லாததாலதான் அது சுத்தமா இருந்துச்சு.”

அவள் குழாயைத்தான் சொன்னாள். அவனுக்கு அது எப்படித் தெரியும்? முகம் செத்துப்போய்த் தெருவில் இறங்கினான். “டேய், குழாய்டா!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். அவன் திரும்பவில்லை. அவன் துணிமணி இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது.