கண்மாய்க்குள் நட்ட கோல் கம்பம்

"ஐப்பசி இரண்டாம் வாரம், வியாழன். மேற்கே மின்னல். அண்ணன் சாப்பிடவில்லை." என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் நாங்கள் படித்த கல்லூரியின் முதல் கால்பந்து அணியில் ஆடியவர் என் அண்ணன். அறுபதைத் தாண்டியும் திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கோச். மேடு பள்ளம் இல்லாத இடம் கண்மாய்க்குள்தான் இருக்கிறது என்று கோல் கம்பத்தை அங்கே நட்டிருந்தார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கண்மாய் தண்ணீரில்லாமல் காய்ந்துதான் கிடக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர் எங்கள் கோல்கீப்பரைப் பார்க்க வருவதாக இருந்தது. அவள் அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்: "பேரு வந்தா காலேஜு. வரலேன்னா மில்லு."

ஊரே மழைக்கு ஏங்கியது. அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தார்.

"வெதச்ச குதிரைவாலி கருகுது. இவுக மட்டும் மழ வேணாம்னு நிக்கிறாக. வெளிய சொல்லிராதீக, ஊரை விட்டு வெரட்டிருவாக" என்றார் அண்ணி.

சனிக்கிழமை மதியம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் கரை முழுக்கக் கூட்டம். ஆட்டம் பார்க்க அல்ல, தண்ணீர் பார்க்க. கோல் கம்பம் முழங்காலளவுத் தண்ணீரில் நின்றது.

"ஏண்ணே, இனி அயிரமீனு கோல் போடுமா?" என்று ஒருவன் கத்தினான். அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்தார். தரை காய்ந்ததும் வருவதாகச் சொன்னார் ஆள் எடுப்பவர்.

"காய மாசியாகும் சார். நாங்க வாரோம்."

அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றினார். அருப்புக்கோட்டையிலும் மைதானம் சேறு. ஆள் எடுப்பவர் வீட்டருகே ஒரு கல்யாண மண்டபத்தின் சிமெண்டு வாசலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணனே பந்தை அடித்தார். அவள் பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். முழங்கை உரிந்தது.

"போதும்மா, எந்திரி. ஒன்ன எடுத்தாச்சு" என்றார் ஆள் எடுப்பவர்.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் அண்ணன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி என்னிடம் குனிந்தார். "காலேஜுல எனக்கும் இப்பிடித்தான்லே. மாவட்ட டீமு செலக்‌ஷன் அன்னிக்கு மழ. ரத்துன்னாக. நான் பேசாம வீட்டுக்கு வந்துட்டேன்."

அதை எழுதி வைப்பதற்காக, கல்லூரி அணியில் அவரோடு ஆடிய ஒருவரிடம் நாள் விசாரித்தேன். "மழையா? அன்னிக்கு வெயிலு மண்டையப் பொளந்துச்சே" என்றார். பழைய செய்தித்தாள்களைத் தேடினேன். அந்த வாரத்துத் தாள் மட்டும் கிடைக்கவில்லை. அண்ணனிடம் மறுபடி கேட்கவில்லை. அன்று மழை பெய்ததா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.