வெர்லினின் ஒரே தீர்மானம்

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நாற்பத்தொரு தொப்பிகள் தொங்குகின்றன. வெர்லின் டீக்லண்ட் காலை ஐந்தே முக்காலுக்கு அவற்றின் முன் நின்று, ஒன்றைத் தொட்டு, முகம் சுளித்து, அடுத்ததைத் தொடுகிறார். எல்லாம் ஓசியில் வந்தவை. விதைக் கம்பெனி கொடுத்தது, உரக் கம்பெனி கொடுத்தது, பயிர்க் காப்பீட்டு முகவர் கொடுத்தது, டிராக்டர் விற்றவன் கொடுத்தது. எந்தக் கம்பெனி மேல் கோபமோ அதன் தொப்பி சுவரைப் பார்த்துத் தொங்கும். ஒரு குளிர்காலத்தில் எல்லாமே சுவரைப் பார்த்துவிட்டன. அந்த வாரம் முழுவதும் மனைவி ஆர்டித் பின்னிய ஊதா நிறக் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டுதான் மனிதர் காபி குடிக்கப் போனார்.

அயோவாவின் வடக்கு மூலையில், ஐந்நூறு பேர் இருக்கும் ஊர் அது. பெட்ரோல் பங்க்குதான் காபிக் கடை. ஜன்னலோர மேசையில் ஆறேழு பேர் பகடை உருட்டுவார்கள்; தோற்றவர் எல்லோருக்கும் காபி வாங்க வேண்டும். வெர்லின் அடிக்கடி தோற்பார். அவருடைய கவனம் பகடையில் இருப்பதில்லை. யாராவது வாஷிங்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே கையை நீட்டித் தடுத்து, "இரு, இரு. மொதல்லேருந்து சொல்லு" என்பார். பேசியவரும் முதலிலிருந்து சொல்வார். வெர்லின் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப போன வருஷம் நீ சொன்னியே, அது?" என்பார். வேறு யாராவது இப்படிக் கேட்டால் நாற்காலி பறந்திருக்கும். வெர்லின் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அவருக்கு உண்மையாகவே புரியவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

குழப்பம் பரம்பரைச் சொத்து. அப்பா ஜனநாயகக் கட்சி, அம்மா குடியரசுக் கட்சி. தேர்தல் நாளன்று இருவரும் ஒரே காரில் போய், அவர் ஓட்டை இவரும் இவர் ஓட்டை அவரும் செல்லாக்காசாக்கிவிட்டு, ஒரே காரில் திரும்பி வந்து சூப் குடிப்பார்கள். மகன் இரண்டு பேரையும் நம்பினார். இப்போது இரண்டு கட்சியையும் நம்பாமல் இருக்கிறார். அதற்குக் காரணம் ராய்ஸ்.

ராய்ஸ் என்பவர் ஆர்டித்தின் தம்பி. இருபத்திரண்டு வருஷம் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒருவன் தோளைத் தட்டி டிராக்டருக்கு பெல்ட் கேட்டால், எழுந்துபோய் எடுத்துக் கொடுக்கிற மனிதர். இரண்டாயிரத்து எட்டில் பெரிய வங்கிகள் சூதாடிக் கவிழ்ந்தபோது, அரசாங்கம் ஓடிப்போய் அவற்றைத் தாங்கிப் பிடித்தது. அப்படித் தாங்கிப் பிடிக்கப்பட்ட ஒரு வங்கிதான் ராய்ஸுக்குக் கடன் கொடுத்திருந்தது. அது எழுந்து நின்று, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு செய்த முதல் வேலை, ராய்ஸின் கடையை மூடியது. மார்ச் மாதச் சேற்றில் நின்றுகொண்டு ஊரே ஏலத்தை வேடிக்கை பார்த்தது. கல்லாவுக்குப் பின்னால் ராய்ஸ் உட்கார்ந்திருந்த உயரமான முக்காலியை வெர்லின் ஏலத்தில் எடுத்துத் தன் கொட்டகையில் போட்டார். ராய்ஸ் வரும்போதெல்லாம் அதில்தான் உட்காருவார். அது எங்கிருந்து வந்தது என்று இருவரும் இன்றுவரை பேசியதில்லை. ராய்ஸ் இப்போது அடுத்த ஊர்க் கூட்டுறவுக் கிடங்கில் லாரி ஓட்டுகிறார்.

ஏலம் நடந்த அன்று ராத்திரி வெர்லின் ஒரு விதைக் கம்பெனியின் குறிப்புத்தாளைக் கிழித்து எழுதினார். ஆர்டித் கெட்ட வார்த்தைகளை அடித்துத் திருத்தியபின் மிஞ்சியது இதுதான்: "தன் தொழிலில் தானே விழுந்தவர் எவரையும், அவர் எவ்வளவு பெரியவரானாலும், அரசாங்கப் பணத்தில் தூக்கி நிறுத்தக் கூடாது."

அந்த ஊர்ப்பக்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், கட்சிக் கூட்டம் நடக்கும். பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கத்தில் இந்தக் கட்சி, இன்னொரு பக்கத்தில் அந்தக் கட்சி. வாசலில் ஒரு படிவத்தை நிரப்பினால் அந்த நிமிடமே கட்சி மாறிக்கொள்ளலாம். எந்தக் குடிமகனும் எழுந்து ஒரு தீர்மானம் வாசிக்கலாம். கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். ஜெயித்தால் அது மாவட்டத்துக்குப் போகும். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

வெர்லின் எந்தக் கட்சி மேல் கோபமோ அந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போவார். "சந்தோஷமா இருந்தா வீட்லயே இருக்கலாம். திட்றதுன்னா நேர்ல போய்த்தானே திட்டணும்?" என்பது அவர் கட்சி. முதல் தடவை குடியரசுக் கட்சிக் கூட்டத்தில் சீட்டை வாசித்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அடுத்த தடவை அதே சீட்டை ஜனநாயகக் கட்சியில் வாசித்தார். அங்கேயும் எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஒரு கிழவர் விசிலடித்தார். வெர்லின் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமலே சமையலறையில் நின்றார்.

"ஆர்டித், ரெண்டு பேரும் ஒத்துக்கறாங்க."

"நல்லதுதானே?"

"அப்ப பேங்க்குக்குக் காசு குடுத்தது யாரு?"

யார் கொடுத்தது என்று அவர் நூலகத்தில் போய்ப் படித்தும் பார்த்தார். கையெழுத்துப் போட்டது குடியரசுக் கட்சி அதிபர். நாடாளுமன்றத்தில் அதிகம் பேர் ஆதரித்தது ஜனநாயகக் கட்சி. கார் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தும் வேலையை அதே அதிபர் ஆரம்பித்து வைக்க, அடுத்து வந்த ஜனநாயகக் கட்சி அதிபர் முடித்து வைத்திருந்தார். கோடையில் இரண்டு கட்சியும் தனித்தனியாக விருந்து வைத்தபோது வெர்லின் இரண்டுக்கும் போனார். இரண்டு பந்தலிலும் குச்சியில் குத்திய பன்றிக்கறி. இரண்டு பந்தலிலும் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுத்தது ஒரே விதைக் கம்பெனி. ஊற்றிய பையன்கூட ஒரே பையன்தான். வீட்டுக்கு வந்து அந்தக் கம்பெனித் தொப்பியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பிறகு யோசித்து நேராக்கினார். பிறகு மறுபடி திருப்பினார்.

இப்படிப் பத்து வருஷம், ஐந்து கூட்டம். சீட்டு மடிப்பில் கிழிந்து ஒட்டு நாடா போட்டாயிற்று. ஊரில் அவருக்கு ஒரு மரியாதை உண்டென்றால் அது இந்தச் சீட்டால் வந்தது. எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் வெர்லின் ஒரே வார்த்தைக்காரர் என்று சொல்லித்தான் சிரிப்பார்கள்.

அப்புறம் சீனாவோடு இறக்குமதி வரிச்சண்டை வந்தது. ஊரில் விளைந்த சோயாவைச் சீனா வாங்குவதை நிறுத்த, வேறு வாங்க ஆளில்லை. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. ஓடைப் பக்கத்து எண்பது ஏக்கரை விற்றால்தான் வசந்தத்தில் விதைக்க முடியும் என்ற நிலைமை. அது வெர்லினின் தாத்தா நார்வேயிலிருந்து வந்து முதலில் உழுத நிலம். அந்த நேரத்தில் வாஷிங்டன், சண்டையில் நொந்த விவசாயிகளுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று உதவிப்பணம் அறிவித்தது. ஆர்டித் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையெழுத்து இருந்தது.

"இது தூக்கி நிறுத்தறது இல்ல. சண்டையை ஆரம்பிச்சது அவங்க. இது நஷ்டஈடு" என்றார் வெர்லின்.

"பேங்க்காரனும் ஏதோ இப்படித்தான் சொன்னான்."

"நீ யார் பக்கம்?"

"நான் எண்பது ஏக்கர் பக்கம்" என்றார் ஆர்டித்.

நிலம் பிழைத்தது. ஆனால் இதில் ஒரு சங்கடம். அங்கே எந்த விவசாயி அரசாங்கத்திடம் எவ்வளவு வாங்கினார் என்பதை யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டி இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்ததாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். பகடை மேசையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ராய்ஸும் கேட்கவில்லை. கொட்டகைக்கு வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்து, பனியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். வெர்லினுக்கு அதுதான் தாங்கவில்லை. மச்சான் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இரண்டாயிரத்து இருபது பிப்ரவரியில் மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை போகவே கூடாது என்று நினைத்தார். போகாவிட்டால், பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான் என்று ஆகும். போய் வாசித்தால், ஊரை ஏய்ப்பவன் என்று ஆகும். ஆறு மணிவரை கதவுக்குப் பின்னால் நின்று தொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெறுந்தலையோடு போனார். சீட்டு சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து வைத்தது தானா ஆர்டித்தா என்று அவருக்கு நினைவில்லை.

பணம் கொடுத்தது குடியரசுக் கட்சி ஆட்சி என்பதால் அந்தக் கூட்டத்துக்கே போனார். பள்ளி நூலகத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் முகவாயை இடிக்க முப்பத்தேழு பெரியவர்கள். ஆர்டித் சுட்டுக் கொண்டுவந்த எலுமிச்சை கேக் துண்டுகள் கைமாறின. காப்பீட்டு அலுவலகம் நடத்தும் ஜோலீன் ஹல்வர்சன்தான் தலைவி. மற்றதெல்லாம் முடிந்ததும் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தீர்மானம் யாராவது?" என்றார். முப்பத்தாறு தலைகள் வெர்லினைப் பார்த்துத் திரும்பின.

வெர்லின் தரைவிரிப்பில் இருந்த டைனோசார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையிலிருந்து ராய்ஸ் பேசினார். "என்ன மச்சான், கொண்டு வரலியா?"

"கொண்டு வந்திருக்கேன்."

"அப்ப படி. எனக்காக எழுதினதுதானே அது."

பத்து வருஷத்தில் ராய்ஸ் இதைச் சொன்னது இதுவே முதல் தடவை. வெர்லின் எழுந்தார், குட்டி நாற்காலியும் கூடவே கொஞ்ச தூரம் எழுந்து, பிறகு விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சீட்டை விரித்து வாசித்தார். மனப்பாடமான வரிதான், ஆனாலும் இரண்டு இடத்தில் தடுமாறினார். வாசித்த பிறகு வழக்கம்போல உட்காரவில்லை.

"நானும் வாங்கியிருக்கேன்" என்றார். "உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருக்கீங்க, அதுக்கு நன்றி. வாங்கலேன்னா ஓடைப் பக்கத்து நெலம் போயிருக்கும்."

பின்னாலிருந்து ஒரு குரல், "அது வேற வெர்லின்" என்றது. இன்னொரு குரல், "அது வேற விஷயம்ப்பா, விடு" என்றது. நூலகம் முழுக்க 'அது வேற' என்று அன்பாக முணுமுணுத்தது. முப்பத்தேழு பேரில் பாதிக்கு மேல் அதே பணத்தை வாங்கியவர்கள்.

"எப்படி வேற?" என்றார் ராய்ஸ். குத்தலாகக் கேட்கவில்லை. உதிரிபாகம் கேட்டு வந்தவரிடம் எந்த வருஷத்து வண்டி என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டார்.

வெர்லின் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு ஒரு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் இருந்தன: சண்டை, சீனா, நஷ்டஈடு, தாத்தா. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில், அந்த எண்பது ஏக்கரில் வசந்தத்தில் விதைக்கப் போவதை நினைத்தால் சந்தோஷமாகவும் இருந்தது. இதில் எது சரி என்று யாராவது சொன்னால் இப்போதே உட்கார்ந்துவிடுவார்.

"தெரியல ராய்ஸ்" என்றார். "உன்னையும் தூக்கி விட்டிருக்கணும். இல்ல, என்னையும் விழ விட்டிருக்கணும்."

ராய்ஸ் தன் பெரிய கைகளைப் பார்த்தார்.

ஜோலீனுக்கு இந்த மாதிரி நேரங்களில் சட்டப் புத்தகம்தான் துணை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தீர்மானத்தை ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றார். கைகள் உயர்ந்தன. ராய்ஸின் கை உயர்ந்தது. வெர்லினும் வலது கையைத் தூக்கினார். ஜோலீன் பென்சில் நுனியால் ஒவ்வொன்றாக எண்ணி முப்பத்தேழு என்று எழுதிக்கொண்டார். கைகள் இறங்கின. யாரோ கோட்டை மாட்ட ஆரம்பித்தார்.

"எதிர்க்கறவங்க?" என்று ஜோலீன், சடங்குக்காக, தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்தபோது வெர்லினின் வலது கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"வெர்லின், இப்ப எதிர்க்கறவங்களைக் கேட்டேன்."

"கேட்டுது."

"கையைக் கீழ போடு. உன் ஓட்டை எண்ணிட்டேன்."

வெர்லின் கீழே போடவில்லை. அறுபத்தாறு வயதுக் கை, சீக்கிரம் கனத்தது. இடது கையைக் கொண்டுவந்து வலது முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, அப்படியே நின்றார்.